தெப்பக்குளத்தைச் சுற்றி வருவோர்க்கு

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரைகளில் விடியுமுன் வந்து சுற்றி நடக்கும் அன்பர்களே, அம்மணிகளே!

ஆறு வருஷங்களாக உங்களோடு நடந்து வருகிறவளும், உங்களில் பலரால் ‘சிஸ்டர்’ என்றும் வயதில் மூத்த இரண்டொருவரால் ‘நர்ஸம்மா’ என்றும் அழைக்கப்படுகிறவளும், முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க மருத்துவமனைகளில் ஊழியம் பார்த்து ஓய்வு பெற்றவளுமாகிய நான், நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயத்தை உரிய சமயத்தில் சொல்லத் தவறியபடியால், அதை இப்போது கடிதமாக எழுதுகிறேன். வாயால் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எழுத உட்கார்ந்ததும் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதத்தில் ஒரு நாள், நாம் ஏழெட்டுப் பேர் நடையை முடித்துக்கொண்டு, அருகம்புல் சாறு விற்பவர் நமக்காகப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து, அவரவர் கைக்கடிகாரத்தில் ஏறியிருந்த அடிக் கணக்கை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்துகொண்டிருந்தபோது, எதிரே சருகுகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணிப் பெண்மணியைப் பார்த்து நம்மில் ஒருவர், “உனக்கென்னம்மா, சம்பளத்துக்குச் சம்பளமும் ஆச்சு, எக்சர்சைஸுக்கு எக்சர்சைஸும் ஆச்சு!” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த அம்மாளும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். சொன்னவர் பிறர்மீது பிரியம் உள்ளவர், நம் கூட்டத்தில் யாருக்கேனும் உடம்புக்கு வந்தால் முதலில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்; ஆகவே அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அன்று சிரித்த என் சிரிப்புக்குத்தான் நான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏனெனில், அதே வார்த்தையை நானும் என் உத்தியோக காலத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நில்லாமல் நம்பியும் இருந்தேன். “நர்ஸுகளுக்கு வாக்கிங் எதற்கு? வார்டில் நடப்பதே போதும்” என்பது மருத்துவமனைகளில் வேதவாக்குப் போல வழங்கும் ஒரு பேச்சு. அதைச் சொல்லும் டாக்டர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். கேட்கும் நாங்களும் ஒருவிதப் பெருமையோடுதான் கேட்டுக்கொள்வோம். அந்தப் பெருமையிலே இருபது வருஷத்துக்கு மேல் கழிந்தது. பிறகு ஒரு நாள், பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி கை பழகுவதற்காக என் புயத்தில் பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, முகம் மாறி, தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடியும் காற்றை ஏற்றி இறக்கிவிட்டு, “சிஸ்டர், 160-க்கு 100 இருக்கிறது” என்றாள். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்த கை, தன் புயத்தில் ஒரு தடவைகூடப் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில்லை.

அடி எண்ணும் கடிகாரம் எனக்கு வந்து சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து, ஓய்வு பெறும் தறுவாயில். என் மகன் வாங்கிக் கொடுத்தான். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் செவிலியர் மணிக்கட்டில் எதையும் அணியலாகாது, கை கழுவும்போது முழங்கை வரையில் வெறுமையாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நாடி பார்ப்பதற்கு வேண்டிய கடிகாரத்தை மார்பில் ஊசியால் குத்தித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொள்வதே மரபு. ஆகையால் மணிக்கட்டிலே கட்டுவதற்கென்று பிறந்த இந்தப் புது உபகரணத்தை நான் பையில் போட்டுக்கொண்டேன். என்னோடு பணி செய்த இளம்பெண் ஒருத்தி கெட்டிக்காரி. தன்னுடையதைக் கணுக்காலில், கொலுசுக்கு மேலே கட்டிக்கொண்டாள். நாற்பது கட்டில்களுக்கு நாங்கள் இருவரே இருந்த ஓர் இரவில், அவள் காலிலிருந்த யந்திரம் விடியும்போது பதினாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. என் பையிலிருந்ததோ ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. இத்தனைக்கும் கடைசிக் கட்டில் வரைக்கும் இருவரும் ஒன்றாகத்தான் நடந்தோம்.

இந்த யந்திரம் காலை எண்ணுவதில்லை. அதனுள்ளே இருக்கும் ஒரு நுண்ணிய பொறி அசைவின் வேகமாறுதலை உணர்கிறது. கை முன்னும் பின்னும் வீசும்போது எழுகிற ஒழுங்கான தாளத்தைக் கண்டு, ‘இது ஓர் அடி, இது ஓர் அடி’ என்று அனுமானித்துக்கொள்கிறது. ஆகவே மருந்து ட்ராலியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வார்டு முழுதும் போனால், கடிகாரம் கட்டியிருக்கும் கை வீசாதபடியால் அந்த நடையிற் பெரும்பகுதி அதன் கணக்கிலே ஏறாது. வேலை முடிந்து மேடுபள்ளமான சாலையில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வீடு திரும்பினாலோ, உட்கார்ந்த இடத்தில் சில அடிகள் தர்மமாகக் கிடைத்தாலும் கிடைக்கும். நம்மில் ஒருவர், இரவு படுக்கப் போகுமுன் கணக்கில் முந்நூறு குறைகிறதென்று, தொலைக்காட்சி முன்னால் நாற்காலியில் அமர்ந்தபடியே கையை வீசிப் பூர்த்தி செய்வதாக அவருடைய மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். பெயரை எழுத மாட்டேன். அவர் இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

நாடித் துடிப்பைக் காட்டுவது சற்றுத் தேவலை. கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் பெருகி வடிகிறபோது திரும்பி வரும் வெளிச்சமும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே துடிப்பைச் சொல்கிறது. கொரோனாக் காலத்தில் நீங்கள் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த, விரலில் மாட்டும் கருவியும் ஏறக்குறைய இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் கொண்டு பிராணவாயுவின் அளவைக் கணிக்கிறது. 1974-இல் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அயோயாகி கண்டறிந்த தத்துவம் அது. உலகமெங்கும் அந்தக் கருவிக்காக ஜனங்கள் கடை கடையாக அலைந்த அந்த 2020-ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் அவர் காலமானார். எங்கள் வார்டில் அந்தச் சிறு கருவியை நம்பி எத்தனையோ இரவுகளைக் கழித்தோம். ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலும் நகத்தில் பூச்சு இருந்தாலும் அதுவும் பொய் சொல்லும் என்பதால், எண்ணைப் பார்க்குமுன் முகத்தைப் பார் என்று புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இனி, நீங்கள் விரதம் போல அனுஷ்டிக்கும் அந்தப் பத்தாயிரம் காலடிக்கு வருகிறேன். நம் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் காலத்தில், 1645-இல் வெட்டப்பட்டது; நீளம் ஆயிரம் அடி, அகலம் தொள்ளாயிரத்து ஐம்பது அடி என்பார்கள். குளத்தின் அளவை மட்டும் கொண்டு கணக்கிட்டால் ஒரு சுற்று 3,900 அடி. இரண்டடிக்கு ஒரு காலடி வைக்கிறவருக்கு அது 1,950 காலடி ஆகும். பத்தாயிரம் நிறைய வேண்டுமானால் ஐந்து சுற்றும் அரைக் கரையும் நடக்க வேண்டும். உங்களில் பலர் ஐந்தாம் சுற்று முடிந்த பிறகும் அந்த அரைக் கரைக்காக மூட்டு வலியோடு நடப்பதை நான் பார்த்து வருகிறேன். இந்த எண்ணை விதித்தவர் எந்த வைத்தியரும் அல்லர். டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்ததற்கு மறுவருஷம், 1965-இல், தேகாப்பியாசத்தில் ஜனங்களுக்கு உண்டாகியிருந்த உற்சாகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, யமாசா என்னும் ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் அடி மானி என்பது பொருள். வாயில் நன்றாக நுழையும் முழு எண்ணாக இருந்தபடியால் அது கடல் கடந்து வந்து உங்கள் மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது. 2019-இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்மணிகளின் நடையை அளந்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் அந்த அனுகூலம் பெருகவில்லை. நான்காவது சுற்றோடு அருகம்புல் சாற்றுக்கு வந்துவிட்டால் யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நடையால் இருதயத்துக்கு நன்மை உண்டா என்று யாரும் என்னைக் கேட்டுவிட வேண்டாம். அது தீர்ந்துபோன வழக்கு. அதைத் தீர்த்து வைத்தவர்கள் உங்களையும் என்னையும் போல் காலையில் உலாவ வந்தவர்களும் அல்லர். லண்டன் மாநகரத்து மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்கள். ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும், ஒரே பஸ்ஸில், ஒரே சமூக நிலையில், நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவரையும், மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டரையும் ஒப்பிட்டு, மாரடைப்பு கண்டக்டர்களிடையே குறைவாயிருப்பதைக் கண்டு 1953-இல் வெளியிட்டார்கள். அதோடு விடவில்லை. கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பு வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பெருத்திருந்தது தெரிந்தது! தங்கள் முடிவுக்கு எதிராக வாதாடக்கூடிய சாட்சியைத் தாங்களே தேடி அழைத்து வந்து நிறுத்திய அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள்மீது மிகுந்த மரியாதை. மாரிஸ் தொண்ணூற்றொன்பது வயது வரை ஜீவித்திருந்தார்.

அப்படியானால், கண்டக்டருக்கு நன்மை செய்த வேலை நடை, துடைப்பம் பிடித்த பெண்மணிக்கும் நன்மைதானே, நம் நண்பர் சொன்னதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அண்மைக் காலத்தில் வேறு ஒரு செய்தி வந்திருக்கிறது. கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், ஓய்வு நேரத்தில் உடலை அதிகமாக அசைத்தவர்களுக்கு இருதய நோயும் அகால மரணமும் குறைந்திருக்க, வேலையில் அதிகமாக அசைத்தவர்களுக்கு அவை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. இதன் காரணத்தைப் பற்றி அறிஞர்களிடையே வாதப் பிரதிவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாரம் தூக்குவதும், குனிந்தே நிற்பதும், இடையில் ஓய்வின்றி மணிக்கணக்காக உழைப்பதும் ரத்த அழுத்தத்தை நாள் முழுவதும் உயர்த்தியே வைத்துவிடுகின்றன என்றும், தேகாப்பியாசம் நன்மை செய்வது அதற்குப் பின் வரும் ஓய்வினாலே என்றும் அவர்களில் சிலர் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. என் கால்களுக்கு அது முன்பே தெரியும்.

வார்டு நடை எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் நடக்கும்போது எதிரே பார்த்து, கை வீசி, ஒரே சீராக நடக்கிறீர்கள். மூச்சு வாங்கினால் கரைச் சுவரில் உட்காருகிறீர்கள். மழை தூறினால் வருவதேயில்லை. வார்டில் பத்தடி நடந்தால் ஒரு கட்டில். அங்கே குனிய வேண்டும். டிரிப் இறங்குகிறதா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். புரள முடியாத ஒரு நோயாளியை அவர் மனைவி ஒரு புறமும் நான் ஒரு புறமுமாகப் பிடித்துத் திருப்ப வேண்டும். அதற்குள் நான்காம் கட்டிலிலிருந்து ஒரு குரல், ஓடினால் அங்கே ஒன்றும் இல்லை, தண்ணீர் வேண்டுமாம். மறுபடி வந்து கேஸ் ஷீட் எழுத உட்காரும்போது வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும். பதினோரு மணிக்குத் திறந்த சாப்பாட்டு டப்பாவை இரண்டு மணிக்கு மூடியதுண்டு, சாப்பிடாமலே. கழிவறைக்குப் போக நேரமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகி, அதனால் மூத்திரக் கடுப்பு வந்து, அதற்கான மாத்திரையை எங்கள் வார்டு அலமாரியிலிருந்தே எடுத்து விழுங்கிய சகோதரிகள் எத்தனை பேர்! விடியற்காலையில் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் வெகு நேரம் மறையாது. என்னோடு சேர்ந்தவர்களில் பலருக்கு இன்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. புடைவை அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பதினாலாயிரத்தையும் உங்களுடைய பத்தாயிரத்தையும் கடிகாரம் ஒரே தராசில் நிறுக்கிறது. நிறுக்கட்டும், அது யந்திரம். நிற்க வேண்டும் என்று தோன்றியபோது நிற்கக்கூடிய நடை வேறு, நிற்க முடியாத நடை வேறு என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஓய்வு பெற்றதும் நான் உங்களோடு நடக்க வந்தேன். முதல் வாரத்தில், கீழ்க்கரையில் பாதி வழியிலே களைத்து நின்றபோது, யாரும் என்னைக் கூப்பிடவில்லை. குளத்து நீரில் நடுமண்டபத்தின் நிழல் அசைவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதற்குப் பின் ஆறு மாதத்தில் என் ரத்த அழுத்தம், மாத்திரையோடு சேர்ந்து, 130-க்கு 80-க்கு வந்தது. நடையை நான் குறைத்துப் பேசவில்லை என்பது இதிலிருந்து உங்களுக்கு விளங்கும்.

இப்போது அந்தப் பெண்மணியைப் பற்றி. நாம் சிரித்ததற்கு மூன்றாம் நாள் நான் அவரிடம் தனியே போய், “எப்போதாவது பி.பி. பார்த்திருக்கிறாயா அம்மா?” என்று கேட்டேன். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ்ப் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அவர்களாவது பார்த்திருக்கக் கூடும் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் இவருடைய தெருவுக்கு வரும் நேரத்தில் இவர் நம் தெருக்களில் இருக்கிறார். அவர் சொன்ன பதில் இதுதான்: “எனக்கெல்லாம் எதுக்கும்மா, நான்தான் தினமும் நடக்கிறேனே. அந்த ஐயாவே சொன்னாரே.” நண்பர்களே, இந்தக் கடிதத்தை நான் எழுதியது அந்தக் கடைசி வாக்கியத்துக்காக. நாம் விளையாட்டாகச் சொன்னதை அவர் வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொண்டுவிட்டார். நாற்காலியில் அமர்ந்து கடிகாரம் கட்டியிருப்பவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

வற்புறுத்தியதன் பேரில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு, அவர் துடைப்பத்தைக் கையில் எடுக்குமுன், சாற்றுக் கடையருகே என்னுடைய பழைய கருவியையும் ஸ்டெதாஸ்கோப்பையும் கொண்டுவருகிறேன். 1905-இல் கொரோட்கோவ் என்னும் ருஷிய மருத்துவர் காட்டிக் கொடுத்தபடி, பட்டையைத் தளர்த்தும்போது கேட்கும் ஒலியைக் காதால் கேட்டுச் சொல்வதில்தான் எனக்கு இன்னும் திருப்தி. மற்றபடி, பேட்டரிக் கருவி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் ஒத்துப் பார்க்கலாம். நீங்களும் பார்த்துக்கொள்ள விரும்பினால் நடந்து முடித்து வியர்வையோடு வந்து கையை நீட்டாமல், நடக்கப் போகுமுன் வாருங்கள். காப்பி அரை மணிக்கு முன்னாலே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் முதலில் அவர். ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கையை இருதயத்தின் மட்டத்தில் தாங்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். சாற்றுக் கடை நாற்காலிகளில் சாய்மானம் உடையாமல் இருப்பது நமக்குத் தெரிந்து இரண்டே. அவற்றில் ஒன்றை அன்று அவருக்காக விட்டு வையுங்கள். அந்த ஐந்து நிமிஷமும் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேசினால் அழுத்தம் ஏறும்.

இப்படிக்கு,
உங்களோடு நடக்கும்
சிஸ்டர்